பவளக்கல் வாங்கலாமா?

கேள்வி: ராமேஸ்வரம் போயிருந்தபோது, கரையில் ஒருவர் வெள்ளைவெளேர் என்று ஒரு பவளக்கல்லை நீட்டி 200 ரூபாய் என்றார். வாங்கவில்லை. அது கல்லா, செடியா, பிராணியா?
- வாசகி, விருதுநகர்

பதில்: நல்லவேளை, தப்பித்தீர்கள். பாறை கட்டும் பவள இனங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் அதே அட்டவணைதான். விற்றவரோடு வாங்கியவரும் மாட்டுவார்.

நீங்கள் பார்த்தது எலும்புக்கூடு. தூத்துக்குடியில் எங்கள் தாத்தா வீட்டுச் சுவர் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. காரை உதிர்ந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் கல் முழுக்க மிளகளவு குழிகள். ஒவ்வொன்றிலும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தடுப்புகள். குழிக்கு ஒரு பிராணி குடியிருந்திருக்கிறது. பாலிப் என்று பெயர், ஜெல்லிமீனுக்குச் சொந்தம். குஞ்சாக மிதந்து வரும்; கெட்டியான இடம் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நகராது. கடல்நீரில் இருக்கும் கால்சியத்தை எடுத்துத் தனக்கடியில் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே மேலே ஏறும், இரண்டாகப் பிரிந்து பிரிந்து பெருகும். எத்தனை பெரிய பவளமானாலும் உயிர் இருப்பது மேல்தோலில் மட்டும்தான். உள்ளே எல்லாம் செத்துப்போன தலைமுறைகளின் சுண்ணாம்பு.

செடி என்று கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பாலிப்பின் உடம்புக்குள் ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. வெயிலை வைத்து அது தயாரிப்பதுதான் பாலிப்புக்குப் பெரும்பாலான சாப்பாடு. நிறமும் பெரும்பாலும் பாசியினுடையதே. கடல் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சூடாகி, சில வாரம் அப்படியே இருந்தால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது நடந்தது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினிதான்.

கேள்வி: வெட்டி எடுத்தால்தான் என்ன, மறுபடி வளராதா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: வளரும், நீங்கள் காத்திருந்தால். கிளைப் பவளம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் நீளும். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் ஏறினாலே பெரிய விஷயம். நாமோ வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் படகு படகாக அள்ளினோம்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில். அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் பாறையை வெட்டி எடுத்துவிட்டால், மணல் தீவு எத்தனை நாள் நிற்கும்? கலவாய் மீனும் சிங்கி இறாலும் ஒண்டும் சந்துகளும் பாறையோடு போய்விடும். அதை நம்பி வலை போடுகிறவர் எங்கே போவார்?

தூத்துக்குடிப் பக்கத்து வான் தீவும் கரைந்துகொண்டே வந்தது. 2015 முதல் அதைச் சுற்றிக் கான்கிரீட்டில் செயற்கைப் பாறை வார்த்து இறக்கினார்கள். கடல் காசு வாங்காமல் கட்டிக் கொடுத்திருந்ததற்குப் பதிலாக, கோடிகளில் செலவு.