மருத்துவர் பதில்: கீழாநெல்லி இருக்கும்போது ஆயுசுக்கும் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. போன வருடம் ரத்ததானம் செய்யப் போன இடத்தில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரியவந்தது. வைரஸ் அளவு அதிகம், கல்லீரலிலும் பாதிப்பு தொடங்கிவிட்டது என்று சொல்லி தினமும் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவருக்குக் கண்ணில் மஞ்சள் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், வேலைக்கும் போகிறார். "எங்க காலத்துல காமாலைன்னா கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடுப்பாங்க, ஏழே நாள்ல சரியாயிடும். இதுக்குப் போய் ஆயுசுக்கும் மாத்திரையா?" என்கிறார் மாமியார். பக்கத்து ஊர் பரம்பரை வைத்தியர், மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு மண்டலம் தன் சூரணத்தைச் சாப்பிட்டால் போதும் என்கிறார். கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யைக் குணப்படுத்தும் என்று ஆராய்ச்சியிலேயே நிரூபித்திருப்பதாகவும் படித்தேன். மாத்திரையை நிறுத்தலாமா? அல்லது இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா?
– வாசகி, பண்ருட்டி

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் மாமியார் சொல்வது கட்டுக்கதை இல்லை. கீழாநெல்லி கொடுத்து ஏழு நாளில் கண் வெளுத்ததை அவர் பார்த்திருப்பார். அவருடைய பாட்டியும் பார்த்திருப்பார். மழை பெய்து ஓய்ந்ததும் வரப்பிலும் வேலியோரத்திலும் முளைக்கும் செடி அது. மெல்லிய கிளையில் இரு பக்கமும் சின்னச் சின்ன இலைகள், கிளையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக வரிசையாகப் பச்சைக் காய்கள். அதைக் கழுவி, அம்மியில் அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு எடுத்து, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பு, புளி, எண்ணெய் தள்ளிப் பத்தியம் இருக்க வேண்டும்.

இந்த வழக்கம் நேற்று வந்ததும் இல்லை. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களை வைத்து மலபார் செடிகளைப் பற்றித் தொகுத்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக அச்சானது. அதில் கீழாநெல்லியும் இருக்கிறது. சென்னையில் கிழக்கிந்திய கம்பெனியின் மருத்துவராக இருந்த வைட்லா ஐன்ஸ்லி, இங்கே கடைத்தெருவில் விற்கும் மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு எழுதி 1813-ல் ஒரு புத்தகமாகவே போட்டார். நம் செடிகளை வெள்ளைக்காரர்கள் மதிக்கவே இல்லை என்று சிலர் சொல்வார்கள். உண்மையில், அவர்களில் சிலர் இப்படி மெனக்கெட்டு எழுதியும் வைத்தார்கள்.

அப்படியென்றால் ஏன் வேண்டாம் என்கிறேன்?

காமாலை என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கூடினால் கண் மஞ்சளாகும், அவ்வளவுதான். அது கூடுவதற்குக் காரணம் அசுத்தமான தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வைரஸாக இருக்கலாம். குடியாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், பித்தக்குழாயை அடைத்த கல்லாக இருக்கலாம், கணையத்தில் வந்த கட்டியாகக்கூட இருக்கலாம். நம் ஊர்களில் அன்றும் இன்றும் அதிகம் வருவது தண்ணீரால் வரும் அந்த முதல் வகை. பெரும்பாலானவர்களுக்கு, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், சில வாரங்களில் அது தானாகவே இறங்கிவிடும். (கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் கதை வேறு, உயிருக்கே ஆபத்து.) காய்ச்சலும் வாந்தியுமாக நாலு நாள் போன பிறகுதான் கண் மஞ்சளாகும், அதன் பிறகுதான் வைத்தியரிடம் போவார்கள். அவர் மருந்து கொடுக்கும் நேரமும், உடம்பு தேறத் தொடங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பேர் கீழாநெல்லிக்குப் போய்விடும்.

உங்கள் கணவருக்கு இருப்பது அந்த வகை இல்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள்ளேயே குடியேறிவிடும். கண் மஞ்சளாகாது, பசி குறையாது, 20, 30 வருடம் சத்தமே இருக்காது. அதன் பிறகு சிலருக்குக் கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோக்கும், அல்லது புற்றுநோய் வரும். அந்தக் காலத்திலும் இது இருந்தது. ஆனால் ஐம்பது வயதில் வயிறு வீங்கிப் போனவரை மகோதரத்தில் போனார் என்பார்கள். அதற்கும் உள்ளே இத்தனை வருடம் சத்தமில்லாமல் இருந்த ஒன்றுக்கும் தொடர்பு உண்டு என்று குடும்பத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது. வைத்தியரைக் குறை சொல்ல முடியாது. ரத்தத்தில் இந்த வைரஸைக் கண்டுபிடிக்கும் வழியே 1960-களில்தான் வந்தது.

அப்புறம் நீங்கள் படித்த அந்த ஆராய்ச்சி. அது பொய்யில்லை, ஆனால் நீங்கள் படித்த இடத்தில் பாதியோடு நிறுத்திவிட்டிருக்கிறார்கள்.

ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய ப்ளூம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த தியாகராஜனும் (பின்னால் அங்கேயே துணைவேந்தரானவர்) சேர்ந்து செய்த வேலை அது. 1988-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லியை உலர்த்திப் பொடித்து, 200 மில்லிகிராம் வீதம் வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம், அதாவது தொற்று இருப்பதற்கான அடையாளம், மறைந்துவிட்டது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. இன்றைக்கு நாங்கள் கொடுக்கும் விலை உயர்ந்த மாத்திரைகளிலும் இப்படி நடப்பது அபூர்வம். உலகமே திரும்பிப் பார்த்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் மருத்துவத்தில் ஒரு ஆய்வு நன்றாக வந்தால் போதாது, வேறு ஊரில் வேறு ஆட்கள் செய்தாலும் அதே பலன் வர வேண்டும். 1990-ல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பலன் இல்லை. பிறகு வேறு சில இடங்களிலும் அப்படித்தான். செடி வேறு வகையா, பறித்த பருவம் வேறா, நோயாளிகள் வேறா என்றெல்லாம் விவாதம் நடந்தது. கடைசியில் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிப் பார்த்தவர்கள், வெற்று மாத்திரையைவிட இது மேல் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. சென்னையில் தொடங்கிய ஒரு வேலை ஜெயித்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நாட்டுச் செடி என்றாலே ஆங்கில மருத்துவர்கள் தள்ளிவிடுவார்கள் என்று உங்கள் வீட்டில் சொல்லக்கூடும். அது சரியில்லை. பரீட்சையில் தேறிய செடிகள் இருக்கின்றன. சர்ப்பகந்தா வேரைப் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் இதய மருத்துவர் ரஸ்தம் வக்கீல் தன் நோயாளிகளிடம் கண்டதை பிரிட்டிஷ் இதழில் வெளியிட்டார். 1952-ல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. பல வருடம் உலகம் முழுக்க ரத்த அழுத்தத்துக்கு அது ஒரு முக்கிய மருந்தாக இருந்தது. ஆனால் அளவு கூடினால் சிலரை அது கடுமையான மனச்சோர்வில் தள்ளும் என்ற புகாரும் அப்போதுதான் எழுந்தது. சளிக்கு நம் வேலியில் பறிக்கும் ஆடாதோடையும் அப்படித்தான். அதில் இருக்கும் வாசிசின் என்ற வேதிப்பொருளைப் பார்த்துச் செய்ததுதான், இன்று இருமல் மருந்துகளில் இருக்கும் புரோம்ஹெக்சின். ஆகவே கீழாநெல்லியை நான் செடி என்பதற்காக ஒதுக்கவில்லை. அதே பரீட்சையை அதுவும் எழுதியது, ஹெபடைடிஸ் பி என்ற பாடத்தில் தேறவில்லை.

இப்போது டெனோஃபோவிருக்கு வருவோம். அது வைரஸை அடியோடு ஒழிப்பதில்லை, பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது. அதனால்தான் பல வருடம், சிலருக்கு ஆயுசுக்கும், சாப்பிட வேண்டியிருக்கிறது. உங்கள் மாமியாரின் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வைரஸ் ஒரேயடியாகக் கிளம்பும். நிறுத்தி இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூட அது நடக்கலாம். அப்போது வரும் காமாலையில் கல்லீரல் முழுதாகச் செயலிழந்து உயிர் போனவர்கள் உண்டு. ஒரு மண்டலம் சூரணம் சாப்பிட்டு முடிக்கும் சமயத்தில், "பாருங்க, ஒண்ணும் ஆகலையே" என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் நீங்களே அடையாளம் தெரிந்து, சுத்தமான இடத்தில் பறித்துக் கழுவி அரைத்த கீழாநெல்லி என்றால், அந்த ஆய்வுகளில் பெரிய தீங்கு எதுவும் பதிவாகவில்லை. அதற்காக அது தேவை என்று அர்த்தமில்லை. சாப்பிட்டே தீருவேன் என்றால் உங்கள் கல்லீரல் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள், சர்க்கரை இறங்கலாம். சாக்கடை ஓரம், களைக்கொல்லி தெளித்த வரப்பு, இவற்றில் பறித்தது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அந்தச் சூரணம் வேறு விஷயம். அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். "பரம்பரை ரகசியம்" என்ற பதில் வந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே அடி வாங்கிய கல்லீரலுக்கு, பெயர் தெரியாத பொடியைச் சுத்திகரிக்கும் வேலையையும் கொடுக்கக் கூடாது. சரியாகச் சுத்தி செய்யாத பாதரசமோ ஈயமோ கலந்த பொடிகள் பிடிபட்டிருக்கின்றன. கொரோனா நேரத்தில், எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று சீந்தில் கஷாயம் மாதக்கணக்கில் குடித்துக் கல்லீரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, விவாதம் நடந்தது. ஆனால் கல்லீரல் நோயாளி விஷயத்தில் நான் சந்தேகத்தின் பலனை மூலிகைக்குக் கொடுக்க மாட்டேன். முறையாகப் படித்த அரசு சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்குச் சித்த மருத்துவத்தில்தான் நம்பிக்கை என்றால் அவர்களிடம் போய், ரத்தப் பரிசோதனைத் தாளையும் இந்த மாத்திரையையும் காட்டிக் கேளுங்கள்.

பத்தியம்? குடியை நிறுத்தச் சொன்ன பத்தியம் எந்தக் காலத்துக்கும் சரி, உங்கள் கணவர் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். ஆனால் நாற்பது நாள் மோர்சோறு மட்டும் என்று போட்டால் தசை கரையும், அது கல்லீரல் நோயாளிக்குக் கெடுதல். முட்டை, மீன், பருப்பு எல்லாம் சாப்பிடலாம். வயிற்றில் நீர் கோத்திருந்தால்தான் உப்பைக் குறைக்க வேண்டும், அவருக்கு அது இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை.

மாத்திரைச் செலவு ஒரு காரணம் என்றால், தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 முதல் இருக்கிறது. அதன் கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் டெனோஃபோவிரும் இலவசம். எந்த மையத்தில் கிடைக்கும் என்று உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். கல்லீரல் பாதிப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், அதைத் தவறவிட வேண்டாம்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்கும் குழந்தைகளுக்கும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்தாகிவிட்டதா? தொற்று இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வந்தால் உடனே தடுப்பூசியைத் தொடங்கி, ஒன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று மூன்று தவணையையும் முடித்துவிடுங்கள். ஒரே தட்டில் சாப்பிட்டால் இது ஒட்டாது. ரத்தத்தாலும் உடலுறவாலும், பிறக்கும்போது தாயிடமிருந்தும்தான் பரவும். ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நம் நாட்டில் நிறையப் பேருக்கு இந்த வைரஸ் பிறக்கும்போது தாயிடமிருந்தோ சின்ன வயதிலோதான் வந்திருக்கிறது. அவருக்கும், உங்கள் கணவரின் கூடப்பிறந்தவர்களுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். யார் மேலும் பழி போடுவதற்காக இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். அவர் பிள்ளை பெற்ற காலத்தில் இதற்கான தடுப்பூசி நம் ஊரில் புழக்கத்துக்கு வரவில்லை, சோதித்துப் பார்க்கும் வழக்கமும் கிடையாது.