பத்து நிமிடத்தில் என் கதையை எப்படிச் சொல்வது?

வணக்கம் தம்பி. குடியாத்தத்தில் லுங்கிக் கடை வைத்திருப்பதாகவும், புதிதாகச் சேர்ந்த ரோட்டரி சங்கத்தில் அடுத்த வாரம் பத்து நிமிடம் உங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். "நெசவாளி மகன், என்னிடம் சொல்ல என்ன இருக்கு" என்ற வரியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

ரோட்டரி தொடங்கியதே அவரவர் தொழிலோடு வந்து உட்கார்ந்தவர்களால்தான். 1905இல் சிகாகோவில் ஒரு வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர் என நான்கு பேர் கூடினார்கள். ஒவ்வொருவர் அலுவலகமாக மாறி மாறிக் கூடியதால் வந்த பெயர்தான் ரோட்டரி, அதாவது சுழல்வது.

பிறந்த வருஷம், படித்த பள்ளி என்று தொடங்காதீர்கள். அப்பா குழித்தறியில் உட்கார்ந்திருக்க, அம்மா பக்கத்தில் நெசவுக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த அந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள். காட்பாடியில் இதுபோல் நான் பேசியபோது, தண்டவாளத்தில் வேலை செய்த அப்பாவின் கை காய்ப்பைத்தான் முதலில் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் ஒரு டாக்டர் வந்து, தன் அப்பாவும் கூலி வேலை செய்தவர்தான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை நாங்கள் வணக்கம் மட்டுமே சொல்லிக்கொண்டவர்கள்.

அப்புறம், 2021 நவம்பரில் உங்கள் ஊர் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது உங்கள் தெரு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். கேட்பவர்களில் பலர் அதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

நீங்கள் எழுதியிருந்த கடன் விஷயத்தைச் சொல்வதென்றால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எழுதி வாசிக்க வேண்டாம். ஒரு துண்டுச்சீட்டில் நாலு குறிப்பு போதும். முடிந்தால் அப்பாவையும் அழைத்துப் போங்கள்.