வர்க்கலைக் கறுப்புத் துண்டில் வெள்ளைப் பொடி பூக்கிறதே?

தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கடல் உப்பு இல்லை அது, கழுவினால் இன்னும் மோசமாகும். கேரளத்தின் வர்க்கலைக் கடற்கரைக் குன்றின் அடியில் பொறுக்கிய கறுப்புத் துண்டு மூன்று மாதத்தில் வெடித்து, வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி பூத்து, புளித்த நெடி அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் மார்க்கசைட் அல்லது பைரைட் சிதைகிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். காற்றின் ஈரம் பட்டால் இரும்பு சல்பேட்டும் கந்தக அமிலமும் ஆகிவிடும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பாறசாலையில் எங்கள் வீட்டு அலமாரியில் வைத்த துண்டு, ஒட்டிய சீட்டையே தின்றுவிட்டது!

இப்படிச் செய்து பாருங்கள். உலர்ந்த பிரஷால் பொடியைத் தட்டுங்கள் (கையுறை போட்டுக்கொண்டு). காற்றுப்புகாத டப்பாவில், செருப்புப் பெட்டியில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, மூடி வையுங்கள். புதிதாகப் பொடி வராவிட்டால் காரணம் ஈரம்தான். வெடித்த இடம் ஒட்டாது.

அப்புறம், டைனோசர் எலும்பா என்று கேட்டீர்கள். இல்லை. அவை 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டன. வர்க்கலைப் படிவுகள் அதற்கு வெகுகாலம் பிந்தியவை. பீங்கான் தரை ஓட்டின் (டைல்) சொரசொரப்பான பின்பக்கத்தில் துண்டைத் தேய்த்துப் பாருங்கள், பழுப்புக் கோடு விழுந்தால் பழுப்பு நிலக்கரியான மரம். டைனோசர் எலும்புக்கு அரியலூர்ப் பக்கம்தான் போக வேண்டும்.

ஒன்று, படம் பார்க்காமல் சொல்கிறேன். குன்றைக் குடையவும் வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட புவியியல் சின்னம், மழைக்காலத்தில் சரியவும் செய்யும்.