சேவைக் குழுவில் மாணவர்கள் வாய் திறவாமல் அமர்ந்திருந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கத்தோலிக்கப் பள்ளியில் மாணவர் சேவைக் குழுவின் பொறுப்பை ஏற்றது முதல் மாதந்தோறும் நீங்கள் திட்டம் வகுத்துக் கொடுத்தும், மாணவர்கள் பேசாமல் அமர்ந்திருப்பதாகவும், பிற சமயத்து மாணவர்கள் ஒதுங்கியே நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

திட்டத்தை நீங்களே வகுப்பதில்தான் சிக்கல் இருக்கிறது என்று கருதுகிறேன். பெல்ஜியக் குருவான ஜோசப் கார்டைன் இளந்தொழிலாளர்களிடையே வளர்த்தெடுத்த ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ என்னும் முறையை, 1961இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் தம் சுற்றுமடலில் பரிந்துரைத்தார். நம் குழுக்கள் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்து, நேரே நிதி திரட்டப் போய்விடுகின்றன. ஆகவே, இரண்டு வாரங்களுக்கு எந்தச் செயலையும் அறிவிக்காமல், இடைவேளையில் தனித்து அமர்பவர்கள், யாரும் நலம் விசாரிக்காத பணியாளர்கள் எனப் பள்ளிக்குள் தாங்கள் கண்டதை மாணவர்களே மூவர் மூவராகப் பேசி, பெயர் குறிப்பிடாமல் அவையில் வைக்கட்டும். 1833இல் பாரிசில், ஏழைகளுக்கு உதவும் புனித வின்சென்ட் தே பவுல் சபையை நண்பர்களுடன் தொடங்கியபோது ஃபிரெடெரிக் ஓசானாம் இருபது வயது மாணவர்தான் என்பதையும் சொல்லிப் பாருங்கள்; நம் அறிவுரைகளைவிட அது எடுபடும்.

தொடக்கச் செபத்தில் பங்கேற்பது அவரவர் விருப்பம் என்பதையும், தலைமைப் பொறுப்பு எல்லாச் சமயத்தவருக்கும் உரியது என்பதையும் வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள். சமய விடுதலை குறித்து 1965இல், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கையும், எவரையும் மனச்சான்றுக்கு எதிராக நடக்க வற்புறுத்தலாகாது என்றே கூறுவதால், நிர்வாகத்திடம் இதைப் பேச நீங்கள் தயங்க வேண்டியதில்லை.