300 மி.மீ.யில் படம் ஏன் மங்குகிறது? டெலி ஜூம் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் நடுத்தர விலை டெலி ஜூம் லென்ஸ்கள் பற்றியவை (55-250 போன்ற எண்கள் மி.மீ.யில் ஃபோகல் நீளம்; எண் கூடக்கூட தூரம் நெருங்கும்). கேமரா மாடலைச் சொல்லாமல் "எது பெஸ்ட்?" என்று மட்டும் கேட்டவற்றை ஒதுக்கிவிட்டேன்.

கேனான் 200டி வைத்திருக்கிறேன். 55-250 வாங்கவா, 70-300 வாங்கவா? (கரூர்)

55-250 எஸ்டிஎம். எடை 400 கிராம்கூட வராது, 250 முனையிலும் நன்றாகவே எடுக்கும். பெயரில் 'எஸ்டிஎம்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். செகண்ட் ஹாண்டில் பழைய பதிப்புகளும் சுற்றுகின்றன. 70-300தான் வேண்டும் என்றால் 2016-இல் வந்த இரண்டாம் பதிப்பு. கூடுதல் 50 மி.மீ.க்காக மட்டும் அவ்வளவு பணம் போடாதீர்கள்.

நிக்கான் டி3200. ஏஎஃப்-பி 70-300 ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். உங்கள் கேமராவில் அது ஃபோகஸே ஆகாது, வளையத்தைக் கையால் திருப்பினாலும். ஏஎஃப்-எஸ் 55-300 விஆர் தேடுங்கள் (விஆர் என்பது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் நிக்கானின் ஸ்டெபிலைசர்). புது கேமரா வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: ஏஎஃப்-பி 70-300 டிஎக்ஸில் விஆர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு உண்டு. மலிவாக வருவது இல்லாதது.

புது லென்ஸில் 300-இல் எடுத்த படமெல்லாம் கலங்கல். திருப்பிக் கொடுத்துவிடலாமா? (திண்டுக்கல்)

ஷட்டர் வேகம் என்ன, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) என்ன, ஒன்றும் எழுதவில்லை. படத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் அந்த விவரமெல்லாம் அழிந்துபோகும். நான் எதை வைத்துச் சொல்வது? க்ராப் சென்சாரில் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) 300 என்பது ஏறக்குறைய 450-க்குச் சமம். ஷட்டர் 1/500-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஐஎஸ்ஓ 1600 ஆனாலும் பரவாயில்லை. அதனால் படத்தில் வரும் புள்ளிப்புள்ளியான நாய்ஸைக் குறைக்க முடியும், அசைவை அழிக்க முடியாது. ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஓடும் பிள்ளையை அல்ல. 1/500-இல், எஃப்/8-இல் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கூடவே அடுத்த பதிலையும் படியுங்கள்.

லென்ஸோடு கடைக்காரர் யுவி ஃபில்டர் ஒன்றை இலவசமாக மாட்டிக் கொடுத்தார். எப்போதும் அதிலேயே இருக்கலாமா? (விருதுநகர்)

கழற்றுங்கள். இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய லென்ஸின் முகத்தில் இருநூறு ரூபாய்க் கண்ணாடியை ஒட்டிவிட்டு "லென்ஸ் ஷார்ப் இல்லை சார்" என்று எழுதுகிறார்கள். விலைகூடிய மூக்குக்கண்ணாடிக்கு மேல் பாலித்தீன் தாளை ஒட்டிக்கொள்வதுபோல இது.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. டெலியில் தெரியும். மட்டமான கண்ணாடியின் இரு பக்கமும் சீரான தட்டையாக இருக்காது. ஃபோகல் நீளம் கூடக்கூட அந்தச் சின்னக் கோணலும் பெரிதாகிப் படத்தில் இறங்கும். பறவைக்குப் பின்னால் ஃபோகஸ் போன கிளைகள் இரட்டைக் கோடாகத் தெரிகின்றனவா? பெரும்பாலும் ஃபில்டர்தான். பூச்சு இல்லாத கண்ணாடி என்றால் மேடை விளக்குகள் பேய்ப் புள்ளியாக விழும், மாலை வெயிலில் படம் வெளுக்கும். ஆட்டோ ஃபோகஸ்கூடச் சில நேரம் தடுமாறும்.

நம்பிக்கை இல்லையென்றால் சோதியுங்கள். ட்ரைபாட், ஸ்டெபிலைசர் ஆஃப், 2 நொடி டைமர். தெருக்கோடிக் கடைப் பெயர்ப்பலகையை 300-இல், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. 100 சதவீதத்தில் எழுத்தின் ஓரங்களைப் பாருங்கள். "பாதுகாப்புக்கு" என்பார்கள். அடிபடாமல் காக்க ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் வளையம்) இருக்கிறது, தூசிக்குக் காற்றடிக்கும் ப்ளோயர் இருக்கிறது. இந்த விலை லென்ஸ்கள் பலவற்றுக்கு ஹூட் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஃபில்டர் தள்ளிவிடும் கடை அதைச் சொல்லாது. கடற்கரை உப்புத் தெறிப்பு, மணல் பறக்கும் இடம் என்றால் மட்டும் பல அடுக்குப் பூச்சுள்ள நல்ல ஃபில்டர் மாட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள்.

வேடந்தாங்கலுக்கு 70-300 போதுமா? (தாம்பரம்)

கூட்டமாக அமர்ந்திருக்கும் நாரைகள், மரத்தோடு சேர்ந்த கூடுகள், தலைக்கு மேல் பறப்பவை: போதும். ஏரி நடுவே இருக்கும் ஒற்றைப் பறவையின் கண் தெரிய வேண்டும் என்றால் போதாது. அதற்கு 150-600 ரகம் வேண்டும். சுமார் இரண்டு கிலோ, விலையும் வேறு. எந்த லென்ஸானாலும் விடிந்தவுடன் போய்விடுங்கள். வெயில் ஏறினால் நீருக்கு மேல் காற்று அலையடிக்கும். அந்தக் கலங்கலுக்கு லென்ஸைத் திட்டாதீர்கள். பறக்கும் பறவைக்கு 1/500கூடப் போதாது, 1/1600 வையுங்கள்.

கேனான் 70-300-இல், ஃபோகல் நீளத்தை 1.4 மடங்காக்கும் கேனானின் 1.4 எக்ஸ்டெண்டர் மாட்டலாமா? (சேலம்)

இஎஃப் 70-300 ஐஎஸ்ஸில் அது பொருந்தவே பொருந்தாது. படத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

கல்யாண மண்டபத்துக்கு 70-300? (கோவை)

இந்த லென்ஸ் 300-இல் எஃப்/5.6 அளவுக்குத்தான் திறக்கும்; அதில் கிடைப்பது எஃப்/2.8-இன் கால் பங்கு வெளிச்சம். வேண்டாம். பழைய 85 எஃப்/1.8 ஒன்று வாங்குங்கள்.

டாம்ரான் 70-300 செகண்ட் ஹாண்டில் வருகிறது. என்ன பார்க்க வேண்டும்? (நாகர்கோவில்)

முதலில் பெயர். 'விசி' என்று இருந்தால் ஸ்டெபிலைசர் உண்டு. 'மேக்ரோ 1:2' என்ற மலிவு ரகத்தில் அது கிடையாது. 300-இல் முழுதாகத் திறந்தால் ஓரங்களில் ஊதா நிறம் வேறு வரும். அடுத்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. விலை பேசாமல் திரும்பி வாருங்கள். நாலைந்து தூசித் துகள் பரவாயில்லை. 70, 200, 300 மூன்றிலும் ஃபோகஸ் பிடிக்கிறதா என்று உங்கள் கேமராவிலேயே மாட்டிப் பாருங்கள். முகப்பில் ஃபில்டர் இருந்தால், கழற்றிவிட்டுப் பாருங்கள்.