முட்டையையும் எழுதுங்கள்

பறவைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று வருடங்களாகப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் எண்ணி, பறவைக் கணக்குகளைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றி வருகிறேன். எண்ணிக்கை வருடா வருடம் கூடிக்கொண்டுதான் போகிறது. அப்பாவோ, "அந்தக் காலத்துக் குருவி எல்லாம் எங்கே போச்சு?" என்கிறார். யார் சொல்வது சரி?
– காரிமங்கலம் வாசகர்

பதில்: அப்பாவை அவசரப்பட்டு மடக்கிவிடாதீர்கள். பொங்கல் கணக்கெடுப்பு நல்ல காரியம்தான். 2015-ல் தொடங்கியதிலிருந்து நானும் விட்டதில்லை. ஆனால் தை மாதத்தில் ஏரிக்கரையில் இருப்பவர்களில் நிறையப் பேர் விருந்தாளிகள். சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று வந்து இறங்கினால் போதும், உங்கள் கணக்கு எகிறிவிடும். அது மத்திய ஆசியப் பக்கம் போய்க் கூடு கட்டுகிற பறவை. நம் கொல்லையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது யார் என்பது தனிக் கணக்கு. அதற்குச் சித்திரை, வைகாசியில் நடக்க வேண்டும்.

என் வழியைச் சொல்கிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு வண்டிப்பாதை. ஒரு பக்கம் மாந்தோப்பு, மறுபக்கம் ராகிக் கொல்லை, கடைசியில் காப்புக்காட்டு ஓரம். மொத்தம் ஒரு கிலோமீட்டர். ஏப்ரலில் ஒரு நடை, மே கடைசியில் ஒரு நடை. பொழுது விடிந்ததும் கிளம்பி ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன். எல்லா வருடமும் அதே பாதை, அதே வேகம். பக்கத்துக் குட்டையில் ஏதோ புதுப் பறவை வந்திருக்கிறது என்று யாராவது போன் செய்தாலும் அன்றைக்குத் திரும்புவதில்லை. (மறுநாள் ஓடிவிடுவேன், அது வேறு.) பிரிட்டனில் 1994 முதல் ஒரு கிலோமீட்டர் சதுரங்களில், கூடு கட்டும் பருவத்தில் இரண்டு தடவை நடந்து எண்ணுகிறார்கள். அதற்கு முன் 1962-லிருந்து வேறொரு முறையில் எண்ணினார்கள். அங்கே வயல்வெளி வானம்பாடி பாதிக்கு மேல் குறைந்துபோனது இப்படி எண்ணியதால்தான் தெரிந்தது. காரணத்தையும் தேடிப் பிடித்தார்கள். வசந்தத்தில் விதைத்த தானியத்தை முந்தைய இலையுதிர் காலத்திலேயே விதைக்க ஆரம்பித்ததில், வானம்பாடி கூடு கட்டுகிற நேரத்தில் பயிர் உயர்ந்து அடர்ந்துவிடுகிறதாம்.

என் நோட்டில் இருப்பது பனங்காடை. முதல் வருடம் அந்தப் பாதையில் ஆறு மொட்டைப் பனை, மூன்று ஜோடி பனங்காடை. பொந்து இருந்தால்தான் அது முட்டையிடும். பனைகள் ஒவ்வொன்றாகச் செங்கல் சூளைக்குப் போயின. போன ஏப்ரலில் ஒரே ஜோடி, கரண்டு கம்பியில். பொந்து எங்கே வைத்திருக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை. 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையிலும் பனங்காடை குறைந்து வருகிற பட்டியலில்தான் இருக்கிறது. மயில் கூடுகிற பட்டியலில். இது உங்கள் அப்பாவுக்கே தெரிந்திருக்கும், நிலக்கடலை போட்டிருந்தால்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் இரண்டு வருடம் கௌதாரி என்ற கட்டம் காலியாகக் கிடக்கிறது. அன்றைக்குக் கௌதாரி கத்தவே இல்லையா, கத்தியும் நான் எழுத மறந்தேனா? இப்போது யாரைக் கேட்பது? அதிலிருந்து, இல்லாத பறவைக்கு நேராக முட்டை போட்டு வைக்கிறேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே முட்டையையும் எழுதுங்கள். எண்ணிக்கைக்குப் பக்கத்தில் என்ன செய்தது என்றும் ஒரு சொல்: பாடியது, வாயில் நார், வாயில் புழு, குஞ்சோடு. வாயில் புழுவோடு நிற்கிற கரிச்சான் ஒன்று, சும்மா உட்கார்ந்திருக்கிற பத்துக்குச் சமம்.

கேள்வி: வயலில் கண்ணுக்குத் தெரிகிறது. காட்டில் எப்படி எண்ணுவது?
– தேன்கனிக்கோட்டை வாசகி

பதில்: காதால்தான். முதலில் பத்துக் குரல் பழகுங்கள் அம்மா: குக்குறுவான், மாங்குயில், மரங்கொத்தி, அக்காக்குயில் என்று. ஓர் இடத்தில் அசையாமல் நின்று, நூறு அடிக்குள் கேட்டது, அதற்கு அப்பால் கேட்டது என்று இரண்டாகப் பிரித்துக் குறியுங்கள். ஒரே குக்குறுவான் விடாமல் 'குக் குக்' என்பதை நாலு குக்குறுவானாக எழுதாதவர்கள் குறைவு, நான் உட்பட. பாறைக் குன்று பக்கம் போனால் மஞ்சள் தொண்டைச் சின்னானுக்குக் காது கொடுங்கள், தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. ஆனால் உங்கள் ஊர்க் காட்டில் காதைப் பறவைக்கே கொடுத்துவிட முடியாது, யானைக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போகாதீர்கள். ரோட்டோரமே போதும்.

கேள்வி: மகன் கௌதாரி முட்டை ஏழு கொண்டுவந்து கோழிக்கு அடை வைத்திருக்கிறான். தப்பா?
– மாரண்டஅள்ளி வாசகர்

பதில்: தப்புதான். 1972 வனவுயிர்ச் சட்டத்தில் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டைக் கணக்கில் வருகிறது. வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். பையனை என்னோடு அனுப்புங்கள், கௌதாரிக் கூடு எங்கே இருக்கும் என்று தெரிந்த கண் கணக்கெடுப்புக்கு வேண்டும்.

கேள்வி: எங்கள் கொல்லையில் ஆள்காட்டி முட்டையிட்டிருக்கிறது. நாளை மறுநாள் கோடை உழவுக்கு டிராக்டர் வருகிறது. என்ன செய்ய?
– அரூர் வாசகர்

பதில்: உங்கள் கடிதம் என் கைக்கு வரவே பத்து நாள் ஆயிற்று, மன்னியுங்கள். அடுத்த வருடத்துக்காவது ஆகும். கூடு என்று ஒன்றும் இருக்காது. காலால் கீறின பள்ளம், சுற்றிப் பொடிக்கல், நடுவில் மண் நிறத்தில் கருப்புப் புள்ளியோடு பெரும்பாலும் நாலு முட்டை. வெயில் ஏறினால் தாய் குட்டையில் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும், பார்க்கவேண்டிய காட்சி. பள்ளத்திலிருந்து பத்தடி தள்ளி நாலு குச்சி நட்டு, டிரைவரிடம் காட்டி, ஒரு பாய் அகலத்துக்கு உழாமல் சுற்றிப் போகச் சொல்லுங்கள். குச்சியைக் கிட்டத்தில் நட்டால் காக்கை படித்துக்கொள்ளும். நின்று பார்க்கவும் வேண்டாம். ஒரு மாதத்துக்குள் பொரிந்துவிடும், பொரிந்த அன்றைக்கே குஞ்சுகள் நடந்து போய்விடும். அப்புறம் அந்தத் துண்டை மண்வெட்டியால் கொத்திக்கொள்ளலாம்.