செட்டிநாட்டில் மூன்று இரவுகள்: எதை எந்த நேரத்தில் பார்ப்பது?

ஈரோட்டு வாசகி ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது: மார்கழி நடுவில், பள்ளி அரையாண்டு விடுமுறையில், குடும்பத்தோடு சொந்தக் காரில் வந்து காரைக்குடியில் மூன்று இரவுகள் தங்கவிருக்கிறார். உடன் வரும் தாயாருக்கு 72 வயது; முழங்கால் வலி உண்டு; பிள்ளையார்பட்டியைத் தவறவிடக் கூடாது என்பது அவருடைய ஒரே வேண்டுதல். மகளுக்கு வரலாற்றிலும் மகனுக்குப் பறவைகளிலும் ஆர்வம். வாசகிக்கோ பழைய வீடுகளைப் பார்க்க ஆசை. பயண முகவர் ஒருவர் கொடுத்த பட்டியலில் இராமேசுவரம் உட்பட 19 இடங்கள் உள்ளன. இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, எந்த வரிசையில் போவது என்பதே கேள்வி.

முதலில் இராமேசுவரத்தை நீக்கிவிடுங்கள். போகவர ஒரு முழுப் பகல் காரிலேயே கழியும். அது தனியே ஒரு பயணத்துக்குரிய தலம். எஞ்சியவற்றில் தொலைவு ஒரு தடையே அன்று. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டியும் ஆத்தங்குடியும் கானாடுகாத்தானும் அரை மணி நேரத்துக்குள் எட்டக்கூடியவை. இங்கு வெளியூர்க்காரர்களை அலைக்கழிப்பது கடிகாரம்தான். கோயில்கள் ஏறத்தாழ நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் மீண்டும் திறக்கும். பறவைகளை விடியலிலும் அந்தியிலும்தான் நன்றாகப் பார்க்க முடியும். வீடுகளைப் பார்க்கவோ நடுப்பகலே ஏற்றது. முகவரின் பட்டியல் வரைபடத்தைப் பார்த்து எழுதப்பட்டது. அதன்படி சென்றால் காலையில் வீடுகளைப் பார்த்துவிட்டு, ஒரு மணிக்குப் பூட்டிய கோபுர வாசலில் போய் நிற்பீர்கள்.

ஈரோட்டிலிருந்து கரூர், திருச்சி, புதுக்கோட்டை வழியாகத்தான் வருவீர்கள் என்பதால், வரும் நாளையே மகளுக்குரிய நாளாக ஆக்கிக்கொள்ளலாம். விடியுமுன் புறப்பட்டால் காலை பத்து மணி அளவில் சித்தன்னவாசலில் இருக்கலாம். அங்குள்ள அறிவர் கோயில் சமணக் குடைவரை. மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் ஆசிரியர் அதன் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததை, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் சீமாற சீவல்லபன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. ஓவியங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஆயினும் கழுத்து வலித்தாலும் பொறுத்துக்கொண்டு விதானத்தைப் பாருங்கள். தாமரைக் குளம் ஒன்று, அதில் மீன்கள், அன்னங்கள், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆடவர் எனக் கண் பழகப் பழக ஒவ்வொன்றாகத் தெரியவரும். உள்ளே நுழைந்தவுடன் கைப்பேசியை எடுப்பவர்களுக்கு இவற்றில் பாதி தெரிவதில்லை. அதே குன்றின் மேலுள்ள ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறிப்பும் இருக்கின்றன; ஆனால் அதற்குப் படியேற வேண்டும். பிள்ளைகள் ஏறட்டும், தாயார் கீழே நிழலில் இருக்கட்டும்.

புதுக்கோட்டையில் மதிய உணவை முடித்துக்கொண்டு, திருக்கோகர்ணத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் வெயில் தாழும் வரை இருக்கலாம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதால் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றரை மணிக்குத் திருமயம் சேர்வது நல்லது. 1687இல் இராமநாதபுரம் சேதுபதி எழுப்பிய கோட்டையை முதலில் பார்த்துவிட்டு, நடை திறந்ததும் அதே குன்றின் தென்சரிவில் அடுத்தடுத்து அமைந்த சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில்களுக்குச் செல்லலாம். குன்றையே குடைந்து செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாளும், அவருக்குப் பின்னே சுவர் முழுதும் விரியும், மது கைடபர் என்னும் அசுரர்களின் காட்சியும் உங்கள் தாயாருக்கு அன்றைய அலைச்சலை மறக்கச் செய்யும். கோட்டைக்குள் அவர் ஏற வேண்டியதில்லை.

இரண்டாம் நாளை மகனிடமிருந்து தொடங்குங்கள். திருப்பத்தூரை ஒட்டிய வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. வேட்டங்குடிக் கண்மாயும் கொள்ளுக்குடிப்பட்டியின் இரண்டு கண்மாய்களும் சேர்ந்து 38.4 எக்டேர்தான். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் கண்மாயும் வறண்டு பறவைகளும் வாரா. எனவே காரைக்குடியில் இரவே விடுதிக்காரரிடம் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போக வேண்டாம். தண்ணீர் இருந்தால், கருவேல மரங்கள் வெள்ளை அடித்தாற்போல் பறவைகளால் நிறைந்திருக்கும். மகனை நத்தைகுத்தி நாரையின் அலகைக் கவனிக்கச் சொல்லுங்கள். மூடியிருக்கும்போதும் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பற்றி ஓட்டிலிருந்து சதையை உருவுவதற்கு ஏற்ற அமைப்பு அது. பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் கட்டுப்பாட்டை மதித்து, காரின் ஒலிப்பானையும் பாட்டையும் முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள்.

அங்கிருந்து திருக்கோட்டியூர். 108 திவ்விய தேசங்களுள் ஒன்று; சௌமிய நாராயணப் பெருமாள். திருக்கோட்டியூர் நம்பியிடம் இராமானுசர் மந்திரப் பொருளைக் கேட்டு, அதை ஊரறியச் சொன்ன தலம் என்பது வைணவ மரபு. அட்டாங்க விமானத்தின் மேல்நிலைகளுக்குப் போகும் படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. முழங்கால் வலியுள்ளவர் மூலவரைச் சேவித்துவிட்டுக் கீழேயே இருப்பது நல்லது. வைகுண்ட ஏகாதசியும் அதற்கு முந்தின நாளும் இங்கே நெரிசல் மிகும் என்பதால் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளைத் தெரிவு செய்யுங்கள். பிறகு திருப்பத்தூரில் திருத்தளிநாதரை வணங்கிவிட்டு, 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களின் நினைவிடத்தை மகளுக்குக் காட்டலாம். நேரம் இருந்தால் நடை சாத்துமுன் வைரவன்பட்டியையும் எட்டிவிடலாம்.

வைரவன்பட்டியும் பிள்ளையார்பட்டியும் நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியாரின்) ஒன்பது நகரக் கோயில்களைச் சேர்ந்தவை. இளையாற்றங்குடி, மாத்தூர், இரணியூர், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்பன மற்ற ஏழு. நகரத்தார் ஒவ்வொருவரும் இவற்றுள் ஒரு கோயிலைச் சார்ந்தவர். சம்பந்தம் பேசும்போது முதலில் கேட்கப்படுவதும் கோயில்தான். பிள்ளையார்பட்டிக் கோயிலாரும் இரணியூர்க் கோயிலாரும் தம்மை உடன்பிறந்தாராகக் கருதுவதால் தமக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. ஒன்பதையும் பார்த்துவிட வேண்டும் என்று முகவர் போட்ட கணக்கை நான் ஏற்கமாட்டேன். நகரத்தார் அல்லாதவர்க்கு இரண்டே போதும், அவற்றை நின்று பார்த்தால். பிள்ளையார்பட்டிக்கு மாலை நான்கு மணிக்குச் செல்லுங்கள். பாண்டியர் காலக் குடைவரையில், வடக்கு நோக்கி, இரண்டே கைகளோடு, வலம்சுழித்த துதிக்கையோடு கற்பக விநாயகர் அமர்ந்திருக்கிறார். ஆங்கிலப் புத்தாண்டு நாளில் மட்டும் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். தாயாரால் அந்த வரிசையில் நிற்க இயலாது. குன்றக்குடி வழியில்தான் இருக்கிறது. சண்முகநாதரை மலையேறித்தான் தரிசிக்க வேண்டும் என்பதால் தாயாரின் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து அங்கே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் உங்களுடையது. காலையில் காரைக்குடியில் கொப்புடையம்மனைத் தரிசித்து, இடியாப்பமோ வெள்ளைப் பணியாரமோ சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு மேல் வீடுகளுக்குப் புறப்படலாம். ஆயிரம் ஜன்னல் வீட்டையும் கானாடுகாத்தான் அரண்மனையையும் வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறைவு கொள்ளுங்கள். உள்ளே போய்ப் பார்ப்பதற்கு ஆத்தங்குடிப் பெரிய வீடு இருக்கிறது, கட்டணம் உண்டு. பத்து வீடுகளைத் தெருவில் நின்று படம் எடுப்பதைவிட ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரம் இருப்பது மேல் என்பது என் எண்ணம். முகப்பில் நின்று பாருங்கள்: நிலைக்குள் நிலையாக வாசல்கள் ஒரே நேர்கோட்டில் ஓடி, பின்தெருக் கதவு வரை தெரியும். அடுத்து வானம் பார்த்த முற்றமான வளவு. அதைச் சுற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு இணைக்கும், ஓர் அறை. பெய்யும் மழை நாற்புறச் சார்ப்பிலிருந்தும் வளவில் இறங்கி, அண்டாக்களில் சேர்ந்து, மிஞ்சியது வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். தூண் பர்மாத் தேக்கு. சுவரைக் கையால் தடவினால் பளிங்குபோல் குளிர்ச்சியாக இருக்கும். சுண்ணாம்பை மாவாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெருகேற்றியதன் பயன் அது. பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் கொண்டுவிற்று ஈட்டிய பணம் இப்படித் திரும்பிவந்தது. அந்த வாணிகம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நொடித்ததும் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் நிலையும் தூணும் விற்பனைக்குக் கிடப்பது அதனால்தான். வாங்கவேண்டும் என்றால் பித்தளைச் செம்பு, எனாமல் தூக்கு என்று சிறு பொருளோடு நிறுத்திக்கொள்ளலாமே!

ஆத்தங்குடியில் ஓடு செய்யும் பட்டறை ஒன்றுக்கும் செல்லுங்கள். பிள்ளைகள் அங்கிருந்து எளிதில் வரமாட்டார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தையும் பூ அச்சையும் வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் அச்சின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலவாமல் அப்படியே நிற்கும். அதன்மேல் உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, ஈரக் கலவையை அப்பி மட்டப்படுத்தி உலரவிட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளை என்பதே கிடையாது. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கமே ஓட்டின் பளபளப்பான முகம்.

மார்கழியில் வருவது ஒருவகையில் நல்லதே. திருமணம் இல்லாத மாதமாகையால் வீடுகள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும் உறவினர்கள் வந்து குவிந்து, பார்வையாளரை உள்ளே விடமாட்டார்கள். திருக்கார்த்திகைத் தீபத்துக்குப் பின் 21ஆம் நாளில் வரும் பிள்ளையார் நோன்பன்று மட்டும் பூட்டிய வீட்டிலும் விளக்கெரியக் காணலாம். 21 இழை நூல் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்ளும் அந்த நோன்பு குடும்பத்தாருக்கே உரியது. அழைக்காமல் உள்ளே போகக் கூடாது. மற்ற நாள்களில் காவல்காரரிடம் கேட்டு, அவர் காட்டும் கட்டு (வீட்டின் பகுதி) வரை சென்று, அவருக்குச் சிறு தொகை கொடுப்பது வழக்கம்.

திரும்பும் நாளில் வந்த வழியே போக வேண்டாம். நாட்டரசன்கோட்டையில் கண்ணுடைய நாயகி அம்மனையும் கம்பர் சமாதியையும் பார்த்துவிட்டு, சிவகங்கை வழியாகக் கீழடிக்கு வந்தால், 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் மகளுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். செட்டிநாட்டு வீட்டின் பாணியிலேயே கட்டப்பட்ட கட்டடம் அது. பிற்பகல் இரண்டு மணிக்குள் அங்கிருந்து கிளம்பினால், மதுரை, திண்டுக்கல் வழியாக இரவு உணவுக்கு ஈரோடு சேர்ந்துவிடலாம்.